வீட்டுக்குள் சீராகப் பாடும் இயர்பட் வெட்டவெளி வரப்பில் அறுபடுவது ஏன்?

வாசகர் கேள்வி: 9 ஜூலை 2025, காலை 7.10

ஐயா, மன்னார்குடிக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்பது மா நிலம். குறுவை நடவு முடிந்து வயலில் தண்ணீர் கட்டி நிற்கிறது. காலையில் தண்ணீர் பார்க்கப் போகும்போது புளூடூத் இயர்பட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போவது வழக்கம். வீட்டில் செல்பேசியைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனால்கூட, நடுவே இரண்டு சுவர்கள் இருந்தும், பாட்டு அறுபடுவதில்லை. வரப்பில் ஏறியதும் விட்டு விட்டுக் கேட்கிறது. செல்பேசியோ என் பையிலேயே இருக்கிறது. குறுக்கே எதுவும் இல்லாத வெட்டவெளியில் இன்னும் நன்றாகத்தானே கேட்க வேண்டும்? பொருளில் பழுதா, மாற்றி வாங்க வேண்டுமா?

குறிப்பு: 9 ஜூலை 2025, இரவு 9.40

மாற்றி வாங்க வேண்டாம், தம்பி. நீடாமங்கலத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வானொலிப் பெட்டிகளும் ஒலிபெருக்கிகளும் பழுதுபார்த்து வருகிறேன். இப்போது என் மேசைக்கு வருபவற்றில் பாதி புளூடூத் கருவிகள். அவற்றில் பலவற்றில் பழுது என்று எதுவும் இருப்பதில்லை. முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இணையத்திலிருந்து ஓடும் பாட்டு இரண்டு தாண்டுதல்களில் உங்கள் காதை அடைகிறது. கோபுரத்திலிருந்து செல்பேசிக்கு வருவது முதலாவது, செல்பேசியிலிருந்து காதுக்கு வருவது இரண்டாவது. புளூடூத்தின் பொறுப்பு இரண்டாவது மட்டுமே. வயற்காட்டில் கோபுரத்தின் அலை மெலிந்தாலும் பாட்டு நிற்கும், பழி புளூடூத்தின் மேல் விழும். ஒரு பாட்டை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, செல்பேசியை விமானப் பயண நிலையில் போட்டு, புளூடூத்தை மட்டும் இயக்கி வரப்பில் நடந்து பார்த்துச் சொல்லுங்கள்.

குறிப்பு: 11 ஜூலை 2025, பகல் 1.15

இறக்கி வைத்த பாட்டும் அறுபடுகிறது என்றும், செல்பேசி அரைக்கால் சட்டையின் இடப் பையில் இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இது புளூடூத்தின் வேலையேதான். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. இந்த அலையை நீர் நன்றாக உறிஞ்சும். உங்கள் வயல் முழுவதும் முழங்காலளவு சேறும் நீருமாக இருக்கிறது. காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

குறிப்பு: 11 ஜூலை 2025, மாலை 6.30

மதியம் எழுதியது தவறு. கடையை அடைத்துவிட்டுச் சைக்கிளில் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பையிலிருந்து காதுக்குப் போகும் வழியில் வயல் எங்கே வருகிறது? வயல் காலுக்குக் கீழே கிடக்கிறது. பைக்கும் காதுக்கும் நடுவில் இருப்பது உங்கள் இடுப்பும் வயிறும் மார்பும் தோளும்தான். மனித உடலின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு நீர், அதுவும் உப்பு கலந்த நீர். இந்த அலை தசைக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் செல்வதற்குள் தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அலையை மறிப்பது நீர்தான் என்பது சரி. எந்த நீர் என்பதில்தான் தவறினேன்.

அப்படியானால் வீட்டில் எப்படிக் கேட்கிறது என்ற கேள்வி உடனே எழும். வீட்டில் மட்டும் உடல் இல்லையா? உடல் இருக்கிறது, கூடவே சுவர்களும் இருக்கின்றன. இடப் பையிலிருந்து கிளம்பும் அலை சுவரிலும் தூணிலும் பீரோவிலும் கூரையிலும் பட்டுத் தெறித்து, உடலைச் சுற்றிக்கொண்டு வலக் காதுக்கு வந்துவிடுகிறது. நேர்வழி அடைபட்டாலும் பக்க வழிகள் பல திறந்திருக்கின்றன. வெட்டவெளியில் கிளம்பிய அலை கிளம்பிய திசையிலேயே போய்விடுகிறது. தெறித்துத் திரும்புவதற்கு அங்கே எதுவும் இல்லை. தோலை ஒட்டி ஊர்ந்து, உடலை வளைத்துக்கொண்டு வரும் மெல்லிய பங்கு மட்டுமே காதுக்கு மிஞ்சுகிறது. சுவர் தடை என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உங்கள் காதைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உதவியே செய்து வந்திருக்கிறது.

குறிப்பு: 12 ஜூலை 2025, இரவு 10.05

நேற்றைய குறிப்பைப் படித்த திருத்துறைப்பூண்டி நண்பர் ஒருவர், பெட்டியில் பத்து மீட்டர் என்று அச்சிட்டிருப்பது பொய்யா என்று கேட்டிருக்கிறார். பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணை நாம் படிக்கும் முறை சரியில்லை.

புளூடூத் கருவிகளை அவை வெளியிடும் ஆற்றலைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். 100 மில்லிவாட் வரை வெளியிடுவது முதல் வகை, 2.5 மில்லிவாட் வரை இரண்டாம் வகை, 1 மில்லிவாட் மூன்றாம் வகை. பத்து மீட்டர் என்பது இரண்டாம் வகைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தொலைவு. ஒரு சாதாரண இரவு விளக்கு எடுக்கும் ஆற்றலில் மிகச் சிறிய துளி இது. இதில் எவ்வளவு காதை அடைந்தால் போதும் என்பதுதான் எனக்கு இன்றளவும் வியப்பூட்டுகிறது. நல்ல ஏற்பி ஒன்று, ஒரு மில்லிவாட்டை நூறு கோடிப் பங்குகளாகப் பிரித்து அதில் ஒரே ஒரு பங்கு வந்து சேர்ந்தாலும் செய்தியைப் படித்துவிடும். அவ்வளவு கூர்மையான ஏற்பிக்கு, குறுக்கே ஒன்றும் இல்லையென்றால், பத்து மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. குறுக்கே உடல் ஒன்று நின்றால் இரண்டு முழமும் தொலைவாகிவிடும். தொலைவை மட்டும் அளந்துகொண்டிருப்பதால் பயனில்லை. இடையில் என்ன இருக்கிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அலையின் நீளத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு உதவும். அலை நொடிக்கு முப்பது கோடி மீட்டர் ஓடுகிறது, நொடிக்கு 240 கோடி முறை அதிர்கிறது. வகுத்தால் பன்னிரண்டரைச் சென்டிமீட்டர், அதாவது அரைச் சாணுக்குச் சற்று மேல். இந்த அளவை ஒத்த பொருள்களும் இதைவிடப் பெரிய பொருள்களும் அலையின் பாதையை மாற்றும். உங்கள் தலை, ஒரு குடம், ஒரு மண்வெட்டித் தகடு எல்லாமே அந்தக் கணக்கில் வருகின்றன.

குறிப்பு: 13 ஜூலை 2025, காலை 6.50

இத்தனை நேரம் காதில் வைத்திருந்தால் மூளைக்குக் கெடுதல் இல்லையா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். அம்மா, இயர்பட் வெளியிடுவது சில மில்லிவாட். அதே செல்பேசி நான்காம் தலைமுறைக் கோபுரத்தோடு பேசும்போது 200 மில்லிவாட் வரை வெளியிடக்கூடும். அதைக் கையில் எடுத்துக் காதோடு சேர்த்துப் பேசுவதைவிட இது குறைவானதே. பிள்ளையின் காதுக்கு உண்மையான கெடுதல் அதிக சத்தத்தால் வருவது. ஒலி அளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

குறிப்பு: 16 ஜூலை 2025, இரவு 8.20

மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலையில்தான் இயங்குகிறது, நீர் மூலக்கூறு தன் இயல்பான அதிர்வில் இந்த அலையோடு ஒத்துப்போவதால்தான் உணவு சூடாகிறது என்று கும்பகோணத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் முதல் பாதி உண்மை. அடுப்பு இயங்குவது 2.45 கிகாஹெர்ட்ஸில். இரண்டாம் பாதி பரவலாக நிலவும் பிழை. அந்த இடத்தில் நீருக்குத் தனிப்பட்ட ஒத்ததிர்வு எதுவும் கிடையாது. நீர் இவ்வகை அலையை மிக அதிகமாக உறிஞ்சுவது ஏறத்தாழ 20 கிகாஹெர்ட்ஸ் அளவில். அடுப்புக்கு இந்த இடம் கிடைத்ததற்குக் காரணம் உலக நாடுகளின் ஏற்பாடு. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டு மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவம் ஆகியவற்றின் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. அடுப்புகள் அங்கே குடியேறின. அப்படி இரைச்சல் மிகுந்த இடத்தைக் கட்டணம் கட்டி வாங்க யாரும் முன்வரவில்லை. பின்னாளில் உரிமம் இல்லாமலே குறைந்த ஆற்றலில் எவரும் பயன்படுத்தலாம் என்று பல நாடுகள் அதைத் திறந்துவிட்டன. இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு 2005இல் அந்த விலக்கு வந்தது. புளூடூத்தும் வை-ஃபையும் இன்று ஒரே புறம்போக்கில் குடியிருப்பது இப்படித்தான்.

குறிப்பு: 17 ஜூலை 2025, பகல் 12.30

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது வேறொரு எண்ணம் வந்தது. நீர் அலையை உறிஞ்சுவது உள்ளே நுழைந்த பிறகு. நீர்ப்பரப்பு தன் மேல் வந்து விழும் அலையில் பெரும்பங்கை உள்ளே விடாமலே திருப்பி அனுப்பிவிடும், கண்ணாடி ஒளியைத் திருப்புவதைப் போல. அப்படியென்றால் நீர் கட்டி நிற்கும் வயல், காய்ந்த வயலைவிடப் புளூடூத்துக்கு நல்ல இடமாக இருக்க வேண்டும் அல்லவா? சுவர் செய்யும் வேலையை நீர்ப்பரப்பும் செய்ய வேண்டும். அப்படியிருக்க உங்களுக்கு ஏன் அறுபடுகிறது? இதை மேசையில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனர் வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

குறிப்பு: 20 ஜூலை 2025, இரவு 9.15

போய்ப் பார்த்தேன். கோரையாற்றங்கரையிலிருந்து உள்ளே, நான்கு பக்கமும் மரமே இல்லாத வயல். நட்டுப் பதினைந்து நாள் ஆன பயிர், இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். என் செல்பேசியில் ஒரே சீரான ஒலி தேவை என்பதால், பாட்டை விட்டுவிட்டுச் சுருதிப் பெட்டியின் ஒலியை ஓடவிட்டேன். இடைவிடாத சுருதியில் ஒரு மயிரிழை அறுந்தாலும் காதுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் மைத்துனர் மகனைச் செல்பேசியோடு வரப்பின் ஒரு முனையில் நிறுத்தி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவனைப் பார்த்த முகமாகவே பின்னோக்கி எட்டு வைத்து நடந்தேன். பத்து, இருபது, முப்பது, நாற்பது எட்டு வரை சுருதி இழை அறாமல் நின்றது. நாற்பதாவது எட்டில் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பி அவனுக்கு முதுகைக் காட்டினேன். தோள் முழுவதும் திரும்புவதற்குள் ஒலி நொறுங்கியது. முகத்தைத் திருப்பினால் மீண்டும் வந்தது. எட்டு முறை செய்தேன், எட்டு முறையும் அப்படியே.

பிறகு செல்பேசியை வாங்கி என் இடப் பையில் போட்டுக்கொண்டு அதே வரப்பில் நடந்தேன். பைக்கும் காதுக்கும் இரண்டு முழம்கூட இல்லை. பத்து எட்டுக்குள் மூன்று இடத்தில் அறுந்தது. ஒரே வயல், ஒரே கருவி, ஒரே காலை நேரம். நாற்பது எட்டுத் தொலைவில் கேட்டது, இரண்டு முழத்தில் கேட்கவில்லை.

நீர்ப்பரப்பு ஏன் உதவவில்லை என்பதும் அங்கே நின்றபோதுதான் விளங்கியது. தரையிலிருந்து திரும்பும் அலை நம் காலடிக்கு அருகிலேயே பட்டு எழுகிறது. இடப் பையிலிருந்து கீழே போன அலை இடப் பக்கத்திலேயே எழுந்து, மறுபடியும் நம் உடலின் மேல்தான் மோதுகிறது. வலக் காதுக்குப் போக வேண்டுமானால் முன்னாலோ வலப் பக்கத்திலோ நிற்கும் ஒரு பொருளில் பட்டுத் திரும்ப வேண்டும். படுத்துக் கிடக்கும் கண்ணாடியால் பயனில்லை, நிற்கும் கண்ணாடி வேண்டும். திரும்பி வரும்போது பம்புசெட்டுக் கொட்டகையின் செங்கல் சுவர் வலப் பக்கம் நாலைந்து எட்டுத் தொலைவில் வந்ததும் சுருதி நேராகிவிட்டது. கொட்டகையைத் தாண்டியதும் மீண்டும் அறுந்தது.

குறிப்பு: 21 ஜூலை 2025, காலை 7.00

தம்பி, கேள்வி கேட்ட உங்களுக்கு உரிய மருந்து இதுதான். செல்பேசியை மேல்சட்டைப் பையில், திரை உடலைப் பார்க்கும்படி வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கப் பை என்பதையும் கவனிக்க வேண்டும். பல இயர்பட் சோடிகளில் ஒரு பக்கத்து மொட்டு மட்டுமே செல்பேசியோடு பேசும், மற்றதற்கு அதுவே ஒலியைக் கடத்தும். எது முதன்மை என்று கண்டுபிடிக்க, ஒன்றைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். மற்றதில் பாட்டு ஒரு கணம் தடுமாறினால் கழற்றியது முதன்மை. செல்பேசியை முதன்மை இருக்கும் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: 21 ஜூலை 2025, இரவு 10.30

காலையில் எழுதியதற்கு ஒரு திருத்தம். இந்தச் சோதனை பழைய மாதிரிகளுக்கே முழுமையாகப் பொருந்தும். அண்மைக்கால மாதிரிகள் பலவற்றில் இரு மொட்டுகளும் செல்பேசியின் அலையைத் தாமே கேட்டுக்கொள்கின்றன. 2020இல் அறிவிக்கப்பட்ட, எல்.ஈ. ஆடியோ எனப்படும் புளூடூத்தின் புதிய ஒலி முறையிலோ இரு காதுகளுக்கும் தனித்தனி ஓடையாகவே ஒலி அனுப்பப்படுகிறது. அவற்றில் முதன்மை என்றே ஒன்று கிடையாது. அப்போதும் உடலின் நிழல் ஒரு காதின் மேல் விழத்தான் செய்யும். அந்தக் காது மட்டும் அறுபடும்.

குறிப்பு: 2 ஆகஸ்ட் 2025, பிற்பகல் 3.45

ஊரில் ஆளுக்கொரு இயர்பட், வீட்டுக்கு வீடு வை-ஃபை, எல்லாம் ஒரே அலைவரிசை. ஒருவர் பாட்டு இன்னொருவர் காதில் ஏன் விழுவதில்லை என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

புளூடூத் ஓரிடத்தில் நிற்பதில்லை. தனக்குரிய பகுதியை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவுகிறது. வெளியிலிருந்து கேட்பவனுக்கு அந்தத் தாவல் ஒழுங்கே இல்லாதது போல் இருக்கும். இணைந்த இரு கருவிகளுக்கு மட்டும் அடுத்த தடம் எது என்று தெரியும். தலைமைக் கருவியின் முகவரியும் அதன் கடிகாரமும் சேர்ந்துதான் அந்த வரிசையைத் தீர்மானிக்கின்றன. இணையும்போது மற்றக் கருவி அந்த முகவரியையும் கடிகாரத்தையும் தெரிந்துகொள்கிறது.

கோயில் திருவிழாவில் இரண்டு தவில்காரர்கள் தனியாவர்த்தனம் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். கணக்குத் தெரியாதவருக்கு அடுத்த அடி எங்கே விழும் என்று பிடிபடாது. அவர்கள் இருவரும் ஒரே தாளத்தை மனத்தில் போட்டுக்கொண்டு, ஒரே சமத்திலிருந்து கிளம்பியவர்கள், ஆகவே கண்ணை மூடிக்கொண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறார்கள். பக்கத்துத் தெருவில் வேறு இருவர் வேறு தாளத்தில் வாசித்தால் எப்போதாவது ஓர் அடி மோதும். மோதிய அடியை அடுத்த தாவலில் திரும்ப அனுப்பிவிடலாம்.

வை-ஃபை தாவுவதில்லை, ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பாயை விரித்து உட்கார்ந்துவிடும். அதனால் 2003இல் வந்த புளூடூத்தின் 1.2 பதிப்பில் ஒரு நல்ல ஏற்பாடு சேர்ந்தது. எந்தத் தடங்களில் இரைச்சல் மிகுதி என்று கருவிகள் கவனித்து, அவற்றை விட்டுவிட்டு மீதியில் மட்டும் தாவும். அப்படி விலக்கினாலும் குறைந்தது 20 தடங்களாவது கையில் இருக்க வேண்டும் என்பது விதி. குறைந்த ஆற்றலில் இயங்குவதற்காக 2010இல் 4.0 பதிப்போடு வந்த வகை வேறு மாதிரி. அதற்கு இரண்டு மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 40 தடங்கள், அவற்றில் மூன்று, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிப்பதற்கு மட்டுமே.

குறிப்பு: 3 ஆகஸ்ட் 2025, காலை 9.20

தாவும் அலையைக் கண்டுபிடித்தவர் ஹெடி லமார் என்ற நடிகை, ஆகவே புளூடூத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். அவருக்கு உரிய பெருமையைக் குறைக்க விரும்பவில்லை. லமாரும் ஜார்ஜ் ஆந்தைல் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து 1942இல் காப்புரிமை பெற்றார்கள். வானொலியால் செலுத்தப்படும் நீர்மூழ்கிக் குண்டை எதிரி தடுக்க முடியாதபடி, பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளுக்கிடையே தாவச் செய்வது அவர்கள் யோசனை. புளூடூத் அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1994 முதல் சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் முதலிய பொறியாளர்கள் செய்த வேலை. 1998இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஐந்தும் கூடிப் பொதுவாக்கின. பெயர், பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்ட் புளூடூத்துடையது. சின்னத்தில் இருப்பது அவர் பெயரின் முதலெழுத்துகளான இரண்டு பழைய ரூன் எழுத்துகளின் கூட்டு.

குறிப்பு: 19 ஆகஸ்ட் 2025, இரவு 9.50

தவிலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, திருவாரூர்ப் பக்கம் தவில் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் நேரில் கடைக்கே வந்தார். பிள்ளைகள் செல்பேசியில் தாளச் செயலியைப் போட்டு, ஒலியைப் புளூடூத் ஒலிபெருக்கியில் கேட்டுப் பயிற்சி செய்கிறார்களாம். செல்பேசித் திரையில் விரலால் தட்டி வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் பிள்ளைகள் பின்தங்கிவிடுகிறார்கள், ஒலிபெருக்கியைச் சரிசெய்து கொடுங்கள் என்றார்.

ஒலிபெருக்கியில் குறையில்லை. செல்பேசி ஒலியை முதலில் சுருக்குகிறது, பொட்டலமாகக் கட்டுகிறது, தாவித் தாவி அனுப்புகிறது, கெட்டுப்போன பொட்டலத்தைத் திரும்ப அனுப்புகிறது. ஒலிபெருக்கியும் அடுத்த பொட்டலம் தாமதமானால் அறுந்துவிடக் கூடாது என்று கொஞ்சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை தாமதம் ஆகிவிடுகிறது. நொடிக்கு ஓர் எண்ணிக்கையாக, எண்ணிக்கை ஒவ்வொன்றையும் நான்காகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் போட்டால், ஓர் எண்ணிக்கையின், அதாவது ஓர் அட்சரத்தின் கால் பங்கு கால் நொடி. மோசமான கருவியில் அந்தக் கால் பங்கு முழுவதும், ஒரு மாத்திரையே பிந்திவிடும். தாளம் ஒரே வேகத்தில் ஓடும்போது இந்தத் தாமதம் தெரியாது, ஏனென்றால் எல்லா அடிகளும் ஒரே அளவு பிந்துகின்றன. விரலால் தொட்டு மாற்றும் கணத்தில்தான் தொட்டதற்கும் கேட்டதற்கும் இடையே உள்ள பள்ளம் வெளிப்படும். சுருதிக்கு எந்த இடையூறும் இல்லை. ஒரு முழக் கம்பி வாங்கி ஒலிபெருக்கியை நேராகச் செல்பேசியில் செருகிக் கொடுத்தேன். அவர் முழங்காலில் விரலால் ஒரு தீர்மானம் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

வீடியோ பார்க்கும்போது உதடும் குரலும் ஒட்டியே இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். அங்கே செயலி, தாமதத்தின் அளவைத் தெரிந்துகொண்டு படத்தையும் அதே அளவு நிறுத்தி வைத்துக் காட்டுகிறது. விரலை அப்படி நிறுத்தி வைக்க முடியாது.

குறிப்பு: 6 செப்டம்பர் 2025, மாலை 5.40

நியாயவிலைக் கடையில் தராசுக்கும் ரசீது போடும் இயந்திரத்துக்கும் இடையே புளூடூத் வந்த பிறகு வரிசை மெதுவாக நகர்கிறது என்ற பேச்சு எங்கள் தெருவிலும் உண்டு. இன்று அரிசி வாங்க நின்றபோது கவனித்துப் பார்த்தேன். எடை, இயந்திரத்துக்குத் தாவிப் போக எடுக்கும் நேரம் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அரிசியைக் கொட்டியதும் தட்டு சற்றே ஆடுகிறது, எண்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. அவை நிலைக்கும் வரை எடையை ஏற்க இயந்திரம் காத்திருக்கிறது. காத்திருப்பில் பெரும்பங்கு அதுதான். எடையைக் கையால் அழுத்திப் பதியும் பேச்சுக்கே இடமில்லை என்பது பெரிய நன்மை. தராசு காட்டியதுதான் ரசீதில் வரும்.

ஒருமுறை இணைப்பு விட்டுப்போனது உண்மை. இயந்திரத்தை இரும்புப் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார்கள். தகரத்தால் மூன்று பக்கமும் மூடிய இடம் அது. வயலில் நான் தேடித் திரிந்த அதே தெறிப்பு இங்கே வழியை அடைத்துவிட்டது. மேசை மேல் எடுத்து வையுங்கள் என்றேன், வைத்ததும் இணைந்தது.

குறிப்பு: 7 செப்டம்பர் 2025, காலை 8.10

பக்கத்தில் நிற்கும் எவராவது தம் செல்பேசியிலிருந்து பொய்யான எடையை அனுப்ப முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதன்முறை இணைசேர்க்கும்போது இரு கருவிகளும் ஓர் இரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. 2007இல் வந்த 2.1 பதிப்பு முதல், சாவியையே காற்றில் அனுப்பாமல் இரு பக்கமும் தனித்தனியே கணக்கிட்டு ஒரே விடைக்கு வரும் முறை இருக்கிறது. இரு திரைகளிலும் ஆறு இலக்க எண் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நடுவில் வேறு எவரும் புகுந்துவிடவில்லை என்பதற்கான சரிபார்ப்பு. இரண்டும் ஒன்றா என்று பாராமலே ‘சரி’ என்று அழுத்துவதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு. பழைய கருவிகளில் 0000 என்றும் 1234 என்றும் எழுதி வைத்த பூட்டு, பூட்டே அல்ல.

குறிப்பு: 11 செப்டம்பர் 2025, இரவு 7.30

மழையில் அறுபடுமா என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: பெய்யும் மழை இந்த அலையைத் தடுப்பது மிக மிகக் குறைவு. நனைந்த துண்டைக் காதை மூடித் தலையில் கட்டிக்கொண்டால் தடுக்கும். துளிகள் சிதறி விழுகின்றன, துண்டு நீரைத் தேக்கிப் பிடித்துக்கொள்கிறது.

குறிப்பு: 28 செப்டம்பர் 2025, இரவு 9.00

குறுவை அறுவடை தொடங்கிவிட்டது. தண்ணீர் வடித்து, மண் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே வயலுக்கு இன்று மீண்டும் போனேன். ஜூலையில் நீர் நின்ற வயலில் செய்த சோதனையை வறண்ட வயலில் செய்து பார்க்காமல் அந்தக் கணக்கு முடியாது. அதே செல்பேசி, அதே இடப் பை, அதே சுருதி. அறுபடுவதில் எந்த வேறுபாடும் என் காதுக்குத் தெரியவில்லை. நீர் இருந்தபோதும் அறுந்தது, இல்லாதபோதும் அறுந்தது. காலடியில் உள்ள பரப்பு இதில் பெரிதாக எதையும் தீர்மானிப்பதில்லை என்று ஜூலையில் எழுதியதை இப்போது கூடுதல் உறுதியோடு சொல்கிறேன்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அறுவடை இயந்திரத்தைச் சாப்பாட்டு நேரத்துக்காக வயலின் நடுவே அணைத்து நிறுத்தியிருந்தார்கள். அதை நோக்கி நடந்தேன். இருபது எட்டுத் தொலைவில் சுருதி அறுந்து அறுந்து வந்துகொண்டிருந்தது. பத்தில் தடுமாற்றம் குறைந்தது. ஆறேழு எட்டில், ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நின்ற அந்த இரும்புப் பக்கத்தின் முன்னால், ஒலி அறுபடாமல் முழுதாகக் கேட்டது. சுற்றி வந்தேன். முன்புறம், பின்புறம், நிழல் விழும் பக்கம் எல்லா இடத்திலும் நன்றாகக் கேட்டது. ஓட்டுநர் வந்து இயந்திரத்தைக் கிளப்பி அடுத்த வயலுக்குக் கொண்டுபோனார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அது வரப்பைத் தாண்டி இறங்கியபோது சுருதி மீண்டும் விட்டு விட்டுக் கேட்கத் தொடங்கியது. செல்பேசியை எடுத்து மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சேர்ந்துகொண்டது.